துப்பாக்கி யார் கையில்? அமெரிக்கச் சண்டையில் மறைக்கப்படும் வரலாறு

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கடைத்தெருவிலோ துப்பாக்கிச் சூடு நடந்துவிட்டால், அடுத்த சில மணி நேரத்துக்குள் இரண்டு அணிகள் எதிரெதிரே நின்றுகொள்கின்றன. துப்பாக்கி வைத்துக்கொள்வது பிறப்புரிமை என்றும், அதில் கை வைக்கிறவர்கள் சர்வாதிகாரத்துக்கு வழி வெட்டுகிறார்கள் என்றும் ஓர் அணி சொல்கிறது. செத்துப்போன குழந்தைகளின் இரத்தம் உங்கள் கையில்தான் ஒட்டியிருக்கிறது என்று மறு அணி சொல்கிறது. ஒருவரை ஒருவர் கொலைகாரர், துரோகி, கோழை என்று ஏசிக்கொள்கிறார்கள். சில வாரங்களில் சத்தம் ஓய்கிறது. அடுத்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அதே வசனங்கள் திரும்ப வருகின்றன.

இந்தச் சண்டையில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் ஊரில் துப்பாக்கி கடையில் தொங்கும் பொருள் அல்ல. ஆனால் அரிவாளும் கம்பும் பெட்ரோல் கேனும் யார் வீட்டில் இருந்தால் அது ‘ஊர்க் கட்டுப்பாடு’, யார் வீட்டில் இருந்தால் அது ‘கலவரத் தயாரிப்பு’ என்ற வேறுபாட்டை நாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். அமெரிக்காவின் துப்பாக்கி வரலாறும் இதே வேறுபாட்டின் வரலாறுதான். இரண்டு அணிகளும் விடுதலை, பாதுகாப்பு, சட்டம் என்று பொதுச் சொற்களில் பேசுகின்றன. அந்தப் பொதுச் சொற்களுக்கு உள்ளே கறுப்பின மக்கள் இருந்தார்களா, எப்போது இருந்தார்கள் என்று தேடிப் பார்த்தால் சண்டையின் முகமே மாறிவிடுகிறது. அந்தத் தேடலைத்தான் இங்கே செய்யப் பார்க்கிறோம்.

27 சொற்களும் அடிமைக் காவலும்

துப்பாக்கி உரிமைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தை. 1791-இல் நடைமுறைக்கு வந்த இத்திருத்தம் ஆங்கிலத்தில் மொத்தம் 27 சொற்கள். சுதந்திரமான ஒரு மாகாணத்தின் பாதுகாப்புக்கு ஒழுங்குபட்ட குடிப்படை தேவை என்பது அதன் முதல் பாதி. ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படக் கூடாது என்பது இரண்டாம் பாதி. ஒரு அணி முதல் பாதியைப் பிடித்துக்கொள்கிறது; மற்றது இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. இருநூறு ஆண்டுக்கும் மேலான வழக்காடல் இந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான்.

அந்த வாக்கியத்தில் ‘மக்கள்’ என்று வருகிறதே, அது யார்? அடுத்த ஆண்டே பதில் வந்துவிட்டது. 1792-இல் நிறைவேறிய குடிப்படைச் சட்டம், உடல் வலுவுள்ள, 18 முதல் 45 வயது வரையிலான, சுதந்திரமான ‘வெள்ளை’ ஆண் குடிமக்களைப் படையில் பதிவு செய்யச் சொன்னது. அவரவர் துப்பாக்கியை அவரவரே வாங்கி வைத்திருக்கவும் சொன்னது. வெள்ளையருக்கு ஆயுதம் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட. கறுப்பருக்கு அது குற்றம்.

தென் மாகாணங்களில் குடிப்படைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தென் கரோலினாவில் 1700-களின் தொடக்கத்திலேயே அடிமைக் காவல் குழுக்கள் சட்டப்படி அமைக்கப்பட்டுவிட்டன. இரவில் அடிமைகளின் குடிசைகளைச் சோதனை போடுவது, அனுமதிச் சீட்டு இல்லாமல் வழியில் நடப்பவர்களைப் பிடித்துச் சாட்டையால் அடிப்பது, ஆயுதம் இருந்தால் பறிப்பது ஆகியவை அவற்றின் பணி. 1739-இல் அதே தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. மறு ஆண்டே அடிமைகள் மீதான சட்டங்கள் இன்னும் இறுக்கப்பட்டன. இரண்டாவது திருத்தமே தென் மாகாணங்களின் அடிமைக் காவலுக்கு உத்தரவாதம் தருவதற்காகத்தான் வந்தது என்று கார்ல் போகஸ், கேரல் ஆண்டர்சன் போன்றோர் எழுதியிருக்கிறார்கள். அதை மறுக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. இங்கிலாந்து அரசின் நிரந்தரப் படை மீதிருந்த அச்சமே முதன்மைக் காரணம் என்பது அவர்கள் வாதம். திருத்தத்தின் நோக்கம் குறித்து இருவரும் மாறுபடலாம். நடைமுறையில் யாருக்குத் துப்பாக்கி மறுக்கப்பட்டது என்பதில் மாறுபட இடமில்லை.

டென்னசி மாகாணம் இதற்கு நல்ல சாட்சி. அதன் 1796-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சுதந்திரமான மனிதர்களுக்கு ஆயுத உரிமை உண்டு என்றது. 1831-இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து தெற்கு முழுவதையும் நடுங்க வைத்தனர். 1834-இல் டென்னசி தன் அரசியலமைப்பைத் திருத்தியபோது ‘சுதந்திரமான வெள்ளை மனிதர்கள்’ என்று மாற்றிக்கொண்டது. ஒரே ஒரு சொல்தான் கூடியது. அடிமையாக இல்லாத கறுப்பருக்கும் உரிமை போயிற்று.

1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டானி, கறுப்பர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என்று தீர்ப்பளித்தார். குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் என்னென்ன விபரீதங்கள் நேரும் என்று அவர் அதில் பட்டியலிடுகிறார். விரும்பிய இடத்துக்குப் போவார்கள், பொதுக்கூட்டம் போட்டுப் பேசுவார்கள், போகும் இடமெல்லாம் ஆயுதம் வைத்திருப்பார்கள். நடப்பது, பேசுவது, தற்காத்துக்கொள்வது ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் ஆபத்துகளாக எண்ணப்படுகின்றன. தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடத் தடை விதிக்கப்பட்ட மக்களுக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல.

விடுதலை வந்தது, துப்பாக்கி பறிபோனது

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. வட படையில் போரிட்ட கறுப்பின வீரர்கள் பலர் துப்பாக்கியோடு ஊர் திரும்பினார்கள். அடிமைத்தனம் ஒழிந்த அதே ஆண்டில் மிசிசிப்பி மாகாணம் ஒரு சட்டம் போட்டது. ராணுவத்தில் இல்லாத, மாவட்ட அதிகாரிகளிடம் உரிமம் பெறாத எந்த விடுதலை பெற்ற கறுப்பரும் துப்பாக்கியோ தோட்டாவோ பெரிய கத்தியோ வைத்திருக்கக் கூடாது. உரிமம் கொடுப்பது யார்? நேற்று வரை ஆண்டையாக இருந்தவரின் உறவுக்காரர். இதுபோன்ற சட்டங்களுக்குக் ‘கறுப்புச் சட்டங்கள்’ என்றே பெயர். சட்டம் போகாத இடத்துக்கு முகமூடி போட்ட கூட்டம் போனது. டென்னசியில் தோன்றிய கு க்ளக்ஸ் க்ளான் இரவில் கறுப்பர் வீடு புகுந்து முதலில் தேடிப் பறித்தது துப்பாக்கியைத்தான். அதன் பிறகே சாட்டையும் தூக்குக் கயிறும் வெளியே வந்தன.

1868-இல் வந்த 14-ஆவது திருத்தம் அனைவரையும் குடிமக்கள் என்றது. சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பு என்றது. அந்தத் திருத்தம் ஐந்தே ஆண்டில் எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதற்கு லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் சாட்சி. 1872-ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவு பற்றிய தகராறில், அந்த ஊர் நீதிமன்றக் கட்டடத்தைக் கறுப்பின ஆண்கள் காவல் காத்து நின்றனர். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. பீரங்கியோடு வந்த வெள்ளையர் படை கட்டடத்துக்குத் தீ வைத்தது. சரணடைந்தவர்களையும் அன்றிரவு சுட்டுக் கொன்றது. இறந்தோர் எண்ணிக்கை 60 என்பவர் உண்டு. 150 என்பவரும் உண்டு. பிணங்களைச் சரியாக எண்ணக்கூட யாருக்கும் அக்கறை இருக்கவில்லை என்பதற்கு அந்த இடைவெளியே அத்தாட்சி.

கொன்றவர்களில் தண்டனை பெற்றவர்கள் வெறும் மூவர். அவர்களும் மேல்முறையீட்டில் தப்பினார்கள். 1876-இல் உச்ச நீதிமன்றம் குருயிக்ஷாங்க் வழக்கில் சொன்னது இதுதான்: இரண்டாவது திருத்தம் மத்திய அரசின் கையை மட்டுமே கட்டும், தனி மனிதர்கள் உங்கள் உரிமையைப் பறித்தால் உங்கள் மாகாண அரசிடம் போய் முறையிடுங்கள். மாகாண அரசும் நீதிமன்றமும் காவலும் கொன்றவர்களின் சொந்தக்காரர்கள் கையில் இருந்த தெற்கில், இந்தத் தீர்ப்புக்கு ஒரே பொருள்தான். வல்லான் வகுத்ததே வாய்க்கால்.

காலப்போக்கில் சட்டங்களின் மொழி நாகரிகமானது. ‘கறுப்பர்’ என்ற சொல் சட்டப் புத்தகத்திலிருந்து மறைந்தது. 1893-இல் ஃபுளோரிடா சில வகைத் துப்பாக்கிகளுக்கு உரிமம் வேண்டும் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டம் இயற்றியது. 1941-இல் அந்தச் சட்டம் நீதிமன்றத்துக்கு வந்தபோது, மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி ரிவர்ஸ் புஃபோர்ட் ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டார். மர ஆலைகளிலும் டர்பன்டைன் முகாம்களிலும் வேலைக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கவே அந்தச் சட்டம் வந்தது, வெள்ளையர் மீது அதைப் பயன்படுத்தும் நோக்கம் ஒருபோதும் இருந்ததில்லை, நடைமுறையிலும் பயன்படுத்தியதில்லை. எழுத்தில் எல்லோருக்கும், நடப்பில் ஒருவருக்கு மட்டும் என்று சட்டம் எப்படி இயங்கும் என்பதை அந்தச் சட்டத்தை இயக்கியவர்களே ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

தற்காப்பின் வரலாறு

கறுப்பின மக்கள் இதையெல்லாம் வெறுமனே வாங்கிக்கொண்டிருக்கவில்லை. 1892-இல் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பினத்தவர் நடத்திய மளிகைக் கடை நன்றாக ஓடியது பொறுக்காமல் எழுந்த தகராறில், அக்கடையைச் சேர்ந்த மூவரைச் சிறையிலிருந்து இழுத்துப் போய்க் கொன்றது வெள்ளைக் கும்பல். அதை எழுதியதற்காகப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸின் அச்சகம் நொறுக்கப்பட்டது. அவர் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. சட்டம் பாதுகாப்புத் தராதபோது ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதைக்குரிய இடம் வேண்டும் என்று அவர் எழுதினார். இன்றைய துப்பாக்கி உரிமைக்காரர்கள் இதை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். சட்டம் பாதுகாப்புத் தராதபோது என்ற நிபந்தனையை அவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அகிம்சையின் அடையாளமாக நாம் அறிந்த மார்ட்டின் லூதர் கிங்கும் இந்த வரலாற்றில் இருக்கிறார். 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் அவர் வீட்டின் மேல் குண்டு வீசப்பட்டது. துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டு அவர் விண்ணப்பித்தார். மறுக்கப்பட்டது. அவருக்கே தகுதி இல்லை என்றால் அந்த ஊரில் எந்தக் கறுப்பருக்குத் தகுதி இருந்திருக்கும்? அந்த நாட்களில் அவர் வீட்டைக் காவல் காத்தவர்களிடம் துப்பாக்கிகள் இருந்தன. பின்னர் அவர் ஆயுதத்தை முற்றாகக் கைவிட்டார். அது உரிமை மறுக்கப்பட்ட ஒருவர் தேர்ந்தெடுத்த கொள்கை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வட கரோலினாவின் மன்ரோ நகரில் ராபர்ட் வில்லியம்ஸ் வேறு வழி எடுத்தார். முன்னாள் படைவீரர்களையும் தொழிலாளர்களையும் திரட்டி, தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் கிளையாகவே முறைப்படி பதிவு செய்துகொண்டார். 1957-இல் க்ளான் கும்பல் ஒரு கறுப்பின மருத்துவரின் வீட்டைத் தாக்க வந்தபோது மணல் மூட்டைகளுக்குப் பின்னிருந்து திருப்பிச் சுட்டு விரட்டினார்கள். 1964-இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் ‘பாதுகாப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்’ என்ற அமைப்பு தோன்றியது. அகிம்சைப் போராட்டம் நடத்த வந்த இளைஞர்கள் இரவில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று இவர்கள் தெருமுனையில் விழித்திருந்தார்கள். பகலில் அகிம்சை, இரவில் காவல். அந்தப் போராட்டம் இரண்டும் சேர்ந்தே நடந்தது.

1967, சாக்ரமெண்டோ

1966 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். அப்போதைய கலிஃபோர்னியச் சட்டப்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வெளியே தெரியும்படி தெருவில் எடுத்துச் செல்லலாம். நியூட்டன் சட்டப் புத்தகங்களை ஊன்றிப் படித்தவர். அவர்கள் துப்பாக்கியும் சட்டப் புத்தகமுமாகக் காவல்துறை வண்டிகளைப் பின்தொடர்ந்தார்கள். கறுப்பர் ஒருவரைப் போலீஸ் நிறுத்தினால், சட்டம் அனுமதிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு அவருடைய உரிமைகளை உரக்கப் படித்துச் சொன்னார்கள். சுடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார்கள். காவல்துறைக்கு அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

உடனே குடியரசுக் கட்சி உறுப்பினர் டான் மல்ஃபோர்ட் ஒரு மசோதா கொண்டுவந்தார். தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்லத் தடை. 1967 மே 2 அன்று சுமார் 30 சிறுத்தைகள் ஆயுதங்களோடு சாக்ரமெண்டோ சட்டமன்றத்துக்குள் போய் எதிர்ப்பைத் தெரிவித்தனர். அதன் பிறகு மசோதா விரைந்தது. ஜூலை மாதம் ஆளுநர் கையெழுத்திட்டார். அந்த ஆளுநர் ரொனால்ட் ரீகன். குடிமகன் ஒருவன் தோட்டா நிரப்பிய ஆயுதத்தோடு தெருவில் நடக்க எந்தக் காரணமும் இல்லை என்பது அன்று அவர் சொன்ன கருத்து. தேசியத் துப்பாக்கிச் சங்கமும் அந்தச் சட்டத்துக்குத் துணை நின்றது.

அதே ரீகன் 1980-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது அச்சங்கம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு வேட்பாளருக்கு ஆதரவு அறிவித்தது. 1986-இல் துப்பாக்கிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். இடைப்பட்ட இருபது ஆண்டில் அரசியலமைப்பு மாறவில்லை. அந்த 27 சொற்களும் அப்படியேதான் இருந்தன. மாறியது, துப்பாக்கி ஏந்தியவர் என்று சொன்னால் மக்கள் மனதில் எழுந்த முகம்.

சொற்கள் சூடேறிய கதை

என்.ஆர்.ஏ. எனப்படும் தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1871-இல் வட படை அதிகாரிகளால் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கப்பட்டது. நெடுங்காலம் அது வேட்டைக்காரர்களின் சங்கம். 1934-இல் இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் மத்தியச் சட்டம் வந்தபோது, கண்டபடி எல்லோரும் துப்பாக்கி தூக்கித் திரிவதில் தனக்கு உடன்பாடில்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் அதன் தலைவரே சொன்னார். கென்னடியும் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு 1968-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நகரங்களில் கறுப்பர் கிளர்ச்சிகள் வெடித்த ஆண்டுகள் அவை. அந்தச் சட்டத்தின் பின்னால் துப்பாக்கி மீதான அச்சத்தைவிடக் கறுப்பர் மீதான அச்சமே இருந்தது என்று அக்காலப் பத்திரிகையாளர் ராபர்ட் ஷெரில் எழுதினார்.

1977-இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் சமரசம் வேண்டாம் என்ற பிரிவு சங்கத்தைக் கைப்பற்றியது. அங்கிருந்துதான் இன்று நாம் கேட்கும் மொழி பிறக்கிறது. 1995-இல் சங்கத்தின் தலைமை நிர்வாகி வெய்ன் லாப்பியர் நிதி கேட்டு அனுப்பிய கடிதத்தில் மத்திய அரசு அதிகாரிகளை பூட்ஸ் காலால் மிதிக்கும் குண்டர்கள் என்ற பொருளில் எழுதினார். அந்த ஏப்ரலிலேயே ஓக்லஹோமா நகரில் அரசுக் கட்டடம் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர் மூத்த புஷ், சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர், கடிதத்தைக் கண்டித்து விலகினார்.

நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனின் வாழ்க்கை இந்த மாற்றத்தின் சுருக்கம். 1963-இல் கிங்கின் வாஷிங்டன் பேரணியில் நடந்தவர். 1968-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஆதரித்துத் தொலைக்காட்சியில் சக நடிகர்களோடு தோன்றியவர். 2000-இல் அதே சங்கத்தின் தலைவராக மேடையில் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, தான் செத்து விறைத்த பிறகே அதைத் தன் கையிலிருந்து பிடுங்க முடியும் என்று முழங்கினார்.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 ஊழியர்களும் கொல்லப்பட்ட பிறகு, கெட்டவன் கைத் துப்பாக்கியை நல்லவன் கைத் துப்பாக்கியால்தான் தடுக்க முடியும் என்றார் லாப்பியர். அந்தக் கொலைகளே நாடகம் என்று அலெக்ஸ் ஜோன்ஸ் என்ற ஒலிபரப்பாளர் பரப்பினார். பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் பல ஆண்டுகள் மிரட்டப்பட்டார்கள். 2022-இல்தான் நீதிமன்றங்கள் அவர் மீது நூறு கோடி டாலருக்கும் அதிகமான இழப்பீட்டை விதித்தன.

கட்டுப்பாடு கேட்பவர்களின் பேச்சும் சுத்தமானதல்ல. 2008-இல் வேலையிழந்த சிற்றூர் மக்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று ஒபாமா பேசியது, அந்த மக்களின் காதில் ஏளனமாகவே விழுந்தது. 2019-இல் வேட்பாளர் பெட்டோ ஓ’ரூர்க் மேடையில் உங்கள் துப்பாக்கிகளை எடுத்துக்கொள்ளத்தான் போகிறோம் என்றார். எதிரணிக்கு அதைவிட நல்ல விளம்பரம் தேவைப்படவில்லை.

‘நல்லவன்’ என்றால் யார்?

2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்த ஃபிலாண்டோ காஸ்டீல் காரில் போகும்போது போலீஸ் நிறுத்தியது. அவரிடம் முறையான உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. அதை அவரே மரியாதையாகப் போலீஸிடம் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். காரில் அவருடைய தோழியும் நான்கு வயதுக் குழந்தையும் இருந்தனர். சுட்டவர் மறு ஆண்டு விடுவிக்கப்பட்டார். ‘நல்லவன் கைத் துப்பாக்கி’ என்ற கொள்கைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் உண்டா? தேசியத் துப்பாக்கிச் சங்கம் முதலில் அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரு பொத்தாம்பொதுவான அறிக்கை விட்டது.

மறுபக்கம் பாருங்கள். துப்பாக்கியை ஒழிப்பதற்கு என்று சொல்லித்தான் நியூயார்க் காவல்துறை தெருவில் நிறுத்திச் சோதிக்கும் முறையை விரிவாக்கியது. 2011-இல் மட்டும் சுமார் 6,85,000 முறை மக்கள் நிறுத்தப்பட்டார்கள். பெரும்பான்மையினர் கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு எந்தக் குற்றமும் சுமத்த முடியாதவர்கள். 2013-இல் நீதிமன்றம் அந்த நடைமுறையை அரசியலமைப்புக்கு விரோதமானது என்றது.

அதனால்தான் 2022-இல் நியூயார்க்கின் உரிமச் சட்டத்தை எதிர்த்த புரூயென் வழக்கில் ஒரு விசித்திரம் நடந்தது. ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பின அரசு வழக்கறிஞர்கள் சிலர் துப்பாக்கி உரிமை அணியின் பக்கம் நின்று மனுப் போட்டார்கள். இந்தச் சட்டத்தால் சிறைக்குப் போகிறவர்கள் எங்கள் கட்சிக்காரர்கள்தாம், கறுப்பரும் லத்தீனோக்களும்தாம் என்பது அவர்கள் வாதம். வழக்கு வென்றது, சட்டம் விழுந்தது. அந்தத் தீர்ப்பு வருவதற்கு முந்தைய மாதம்தான் அதே மாகாணத்தின் பஃபலோ நகரில் ஒரு வெள்ளை இனவெறியன் மளிகை அங்காடியில் 10 கறுப்பர்களைச் சுட்டுக் கொன்றிருந்தான். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வேத பாடத்துக்குக் கூடிய 9 பேரைக் கொன்றவனும் அத்தகையவனே. பின்னணிச் சோதனை மூன்று நாளில் முடியாவிட்டால் விற்பனையாளர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்ற ஓட்டையில்தான் அவனுக்கு ஆயுதம் கிடைத்தது.

இப்படி இரண்டு பக்கமும் இடிபடுகிறவர்கள் ஒரே மக்கள். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலைகள். கொலையுண்டோரில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். மக்கள் தொகையில் அவர்கள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மட்டுமே. கட்டுப்பாடு இல்லையென்றால் சாகிறார்கள். கட்டுப்பாடு வந்தால் சிறை போகிறார்கள். தொலைக்காட்சியில் கத்துகிறவர்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கட்டாயம் இல்லை.

நம் பக்கத்துக் கணக்கு

முறையான வன்முறைக்கு உரிமை கொண்டாடும் ஒரே அமைப்பு அரசு என்று மாக்ஸ் வேபர் சொன்னதைச் சமூகவியல் வகுப்பில் முதல் பாடமாகப் படிக்கிறோம். இன ஆதிக்கமும் சாதி ஆதிக்கமும் உள்ள நாட்டில் அந்த வரையறைக்கு ஒரு திருத்தம் தேவை. அங்கே அரசு தன் உரிமையில் ஒரு பங்கை ஆதிக்கக் கூட்டத்துக்குக் குத்தகை விட்டிருக்கிறது. அடிமைக் காவல் குழு அப்படிப்பட்ட குத்தகைதான். பீகாரில் ரண்வீர் சேனையும் அப்படித்தான். 1997 டிசம்பர் 1 இரவு லக்ஷ்மண்பூர் பாதேயில் 58 தலித்துகள், பெண்களும் கைக்குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். 2013-இல் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரையும் விடுதலை செய்தது. கோல்ஃபாக்ஸுக்கும் பாதேக்கும் இடையே 124 ஆண்டு இடைவெளி. முடிவில் மட்டும் இடைவெளி இல்லை.

1936-இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியைத்தான் தொட்டார். மற்ற நாடுகளில் சமூகப் புரட்சிகள் நடந்திருக்க, இங்கே ஏன் நடக்கவில்லை? ஒடுக்கப்பட்டோருக்கு ஆயுதமும் கல்வியும் மறுக்கப்பட்டதால்தான் என்றார் அவர். டானி அஞ்சியதைச் சதுர்வர்ணம் எழுத்தில் வைத்துச் சாதித்திருந்தது. ஆனால் அம்பேத்கர் நமக்குக் கொடுத்தது துப்பாக்கி அல்ல. கல்வி, அமைப்பு, அரசியலமைப்பு ஆகியவற்றைக் கொடுத்தார். 1972-இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் போன்றோர் தலித் சிறுத்தைகள் அமைப்பைத் தொடங்கியபோது ஓக்லண்டிலிருந்து எடுத்துக்கொண்டதும் பெயரையும் நிமிர்வையும்தான். தமிழ்நாட்டிலும் அந்தப் பெயர் அப்படியே வேரூன்றியது.

நம் சட்டத்தில் ஓரிடம் அமெரிக்கர்கள் படிக்க வேண்டியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளில் 3-ஆவது விதி, வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளில் அரசு செய்ய வேண்டியதைச் சொல்கிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உயிர், உடைமைப் பாதுகாப்புக்காக ஆயுத உரிமம் வழங்கலாம். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்று இந்த விதி விவாதிக்கவில்லை. அந்த ஊரில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று முதலில் கேட்கிறது. அடிப்பவன் கையிலிருந்து எடு, அடிபடுபவனைக் காப்பாற்று என்கிறது. அமெரிக்கா இருநூறு ஆண்டாக இதைத் தலைகீழாகச் செய்து வந்திருக்கிறது.

இந்த விதி நம் கிராமங்களில் எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்பது களத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். உரிமத்தை ரத்து செய்வது இருக்கட்டும், முதல் தகவல் அறிக்கை பதிவதற்கே நாம் நாட்கணக்கில் காவல் நிலைய வாசலில் உட்கார வேண்டியிருக்கிறது. புகார் கொடுத்தவர் மேலேயே எதிர்ப் புகார் பதிவாகிறது. சேரி இளைஞன் கையில் இருந்த கம்பு வழக்குப் பொருளாகிறது. தெருவுக்குள் புகுந்தவர்களின் அரிவாள் அறிக்கையில் இடம்பெறாமல் போகிறது. ஃபுளோரிடா நீதிபதி 1941-இல் எழுதியதை நம் ஊரில் யாரும் எழுதித் தருவதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே அமெரிக்காவின் இரண்டு அணிகளில் எதன் பின்னாலும் நாம் போய் நிற்கத் தேவையில்லை. துப்பாக்கிகள் குறைந்தால் உயிர்கள் பிழைக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்தக் குறைப்பு யார் வீட்டிலிருந்து தொடங்குகிறது என்று கேட்காமல் எந்தக் கட்டுப்பாட்டையும் நாம் ஆதரிக்க முடியாது. ஆயுதம் ஏந்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று முழங்குகிறவர்களிடம், காஸ்டீல் அந்த ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லுக்குள் இருந்தாரா என்று கேட்க வேண்டும். வெல்ஸ் துப்பாக்கிக்கு ஓர் இடம் கேட்டது சட்டம் தன் மக்களைக் கைவிட்டிருந்ததால். சட்டம் கைவிடாத ஒரு நாடுதான் அவர் உண்மையில் கேட்டது. நாம் நம் ஆட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் 3-ஆவது விதியை எடுத்து வைத்துக் கேட்பதும் அதையேதான். அந்த விதி உங்கள் மாவட்டத்தில் எந்த ஊரில், எத்தனை முறை பயன்படுத்தப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். வரும் பதிலிலிருந்து நம் அடுத்த வேலை தொடங்கட்டும்.